பயிர்க் கட்டத்தில் சாத்தையா

அஞ்சனபுரி நாட்டில், வயலுக்கு மடை திறப்பதென்றாலும் அரண்மனைத் தரவுத்தளத்தைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும் என்றொரு சட்டம் வந்தது. அதுவரை மடைக்காரர்கள் பயிரின் வாட்டத்தைப் பார்த்துத் திறந்துகொண்டிருந்தார்கள். கண்ணால் பார்ப்பது பாரபட்சத்துக்கு இடம் தரும் என்று தரவு அமைச்சர் பேரின்பநாதர் கண்டறிந்தார். இனிக் குடிகளுக்கு மின்னஞ்சலில் படிவம் வரும்; கட்டங்களை நிரப்பித் திருப்பி அனுப்பினால், இயந்திரம் வரிசையாக எடுத்துத் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளும். மனிதக் கை படாது.

கடைமடையில் நெல் போட்டிருந்த கோமளவல்லி, ஊர்க் கணினி மையத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். தன் பெயர், கணவர் சாத்தையாவின் பெயர், பயிர் நெல், வீட்டின் வாக்காளர் யார் என்ற கடைசிக் கட்டத்தில் மறுபடி தன் பெயர். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு கட்டம் முன்பே நிரம்பியிருந்தது. ‘அரசரின் ஆட்சி எப்படி?’ என்ற கேள்விக்கு ‘மிக நன்று’ என்றிருந்தது. அதை அழித்துப் பார்த்தாள். படிவம் நகர மறுத்தது. திரும்ப அப்படியே எழுதியதும் போய்விட்டது.

அந்த மேல் கட்டம் கடைசி நேரத்தில் அமைச்சரே சேர்த்தது. தரவுத்தளத்தில் அதற்கு இடம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை. அங்கே முதல் இடம் பெயருக்குரியது. எனவே நாட்டில் எல்லோருடைய பெயரும் ‘மிக நன்று’ ஆயிற்று. மற்றவை ஒவ்வொரு கட்டம் தள்ளி விழுந்தன. கோமளவல்லியின் கணவர் கோமளவல்லி. பயிர், சாத்தையா. வாக்காளர், நெல்.

ஒரு வாரத்தில் பயிர் ஆய்வாளர் வந்தார்.

“பயிர் எங்கம்மா?”

அவள் வயலைக் காட்டினாள்.

“இது வாக்காளர். நான் கேட்டது பயிரை. சாத்தையான்னு போட்டிருக்கு.”

கட்டிலில் படுத்திருந்த சாத்தையா எழுந்து உட்கார்ந்தான். “நான்தாங்க சாத்தையா.”

ஆய்வாளர் அவனைச் சுற்றி வந்து பார்த்தார். “பூச்சி கீச்சி விழுந்திருக்கா?”

“கொஞ்சம் சளிங்க.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார். மறுநாள் காலை, பயிர் நிற்கும் இடத்துக்குத் தண்ணீர் விடப்பட்டது. வீட்டுக்குள் முழங்கால் வரை ஏறி, விதைநெல் மூட்டையை ஊறவைத்துவிட்டு வடிந்தது. வயலில் மண் வெடித்துக் கிடந்தது.

கோமளவல்லி திருத்தப் படிவம் அனுப்பினாள். அதன் தலையிலும் அதே கட்டம் இருந்தது. திருத்தமும் ஒரு கட்டம் தள்ளியே போய் விழுந்தது. புகார்கள் பெருகவே, அரண்மனை ஆணையிட்டது: தரவுத்தளத்துக்கும் குடிகளுக்கும் முரண்பாடு காணப்பட்டால் குடிகள் திருத்தப்படுவர். அதன்பின் ரேஷன் கடையில் “மிக நன்று!” என்று கூப்பிட்டால் வரிசை முழுதும் “இருக்கேன்” என்றது. யாருக்கு அரிசி போடுவதென்று புரியாமல் கடைக்காரர் தராசைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

காய்ந்த பயிரில் ஒரு கட்டைப் பிடுங்கிக்கொண்டு, கணவனோடு கோமளவல்லி தலைநகருக்குப் போனாள். வாசலில் சாத்தையாவைத் தடுத்துவிட்டார்கள். விளைபொருளுக்கு உள்ளே அனுமதி இல்லை. அமைச்சர் நெற்கட்டைக் கண்டதும் எழுந்தார்.

“வாக்காளப் பெருமகனார் நிற்கலாமா? நாற்காலி போடுங்கள்!”

நெற்கட்டு நாற்காலியில் வைக்கப்பட்டது.

“ஐயா, இது நெல்லு. காஞ்சு போச்சு. என் புருசன் வெளியில நிக்கிறாரு,” என்றாள் அவள். சொல்லும்போதே, தான் சொல்வதுதான் தவறோ என்று அவளுக்கே ஒரு கணம் ஐயம் வந்தது.

செயலர் தணிகாசலம் திரையைப் பார்த்துவிட்டு அமைச்சர் பக்கம் குனிந்தார். “ஒரு கட்டம் தள்ளியிருக்கிறது, ஐயா. மேல் கட்டத்தை எடுத்துவிட்டால் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிடும்.”

“தேர்தலுக்கு முன்பா?” என்றார் அமைச்சர். “வாக்காளரை மாற்றச் சொல்கிறீரா? அது ஜனநாயகத்துக்கு விரோதமல்லவா?”

தணிகாசலம் அன்று மாலையே கடற்கரைக் கலங்கரை விளக்கத்துக்கு மாற்றப்பட்டார்.

தேர்தல் நாளில் அதிகாரிகள் வரப்பு வரப்பாக நடந்தார்கள். நிமிர்ந்து நிற்கும் பயிர் எதிர்ப்பு, தலை குனிந்த பயிர் ஆதரவு என்று விதி வகுக்கப்பட்டிருந்தது. கடைமடை வரை எந்த வயலுக்கும் தண்ணீர் வந்திருக்கவில்லை. எல்லாத் தாள்களும் துவண்டு தொங்கின. அதிகாரிகள் நிறைந்த மனதோடு எழுதிக்கொண்டார்கள். அரசர் ஒரு வாக்குகூட எதிராக விழாமல் வென்றார்.

வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாத்தையா மெல்லக் கேட்டான்: “தண்ணி விட்டிருந்தா நிமிந்திருக்குமோடி?”

கோமளவல்லி அவனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் குழம்பிக் கிடந்தது அவளுக்குச் சட்டென்று தெளிந்தது. மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மடையை நோக்கி நடந்தாள்.