கிட்டாருக்குச் சுதி ஏறிய விவரம், சம்பந்திக்கு

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ஊத்துக்குளிச் சம்பந்தி சிவராஜ் அவர்கள் சமூகத்திற்கு, திருப்பூர் வேலுமணி இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நான், என் மனைவி மயிலாள், மகன் தரணி, தங்கள் மகளும் எங்கள் மருமகளுமான தமிழ்மதி ஆகிய நால்வரும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் எருமைகளும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் போனில் பேசினால், "சாப்டீங்களா, மழையுங்களா" என்பதோடு கூச்சப்பட்டு வைத்துவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் நன்றி சொன்னால் அது ரோஜாப்பூப் படங்களோடு கலந்துபோய்விடும். ஆகவே பேனாவை எடுத்தேன். தாங்கள் அனுப்பிய நெய்க்கு நன்றி. கல்யாணம் முடிந்த வாரத்தில் தனியே ஆட்டோவில் வந்து இறங்கிய கறுப்புப் பெட்டிக்கும், அதற்குள் இருந்த எலக்ட்ரிக் கிட்டாருக்கும் அதைவிட நன்றி. சீர் முழுக்கக் கொடுத்த பிறகும், பிள்ளைக்குப் பிடித்ததை மறக்காமல் அனுப்பிவைத்த தங்கள் மனசு யாருக்கு வரும்!

உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. வந்த புதிதில் தமிழ்மதியைக் கண்டு எங்களுக்குப் பயமாக இருந்தது. எதைக் கேட்டாலும் "சரீங்க மாமா", "இல்லீங்க மாமா", இந்த இரண்டுதான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வெளிநாட்டுக்காரனோடு இங்கிலீஷில் சண்டை போடுகிற பெண், எங்களிடம் உப்புக் குறைவு என்றுகூடச் சொல்லவில்லை. சாயங்காலம் வந்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிட்டாரோடு உட்காருவாள். சத்தமெல்லாம் அவள் காதுக்குள்ளேயே போய்விடும், எங்களுக்குக் கேட்பது கம்பியில் நகம் படுகிற டிக் டிக் மட்டும். "புள்ளைக்கு நம்ம ஊடு புடிக்கலையோ என்னமோ" என்று மயிலாள் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கும் சோறு இறங்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரணி சாம்பிள் மூட்டையோடு காதர்பேட்டை பனியன் சந்தைக்குப் போயிருந்தான். நான் ஹாலுக்கு வந்தால், கிட்டார் துண்டின்மேல் குப்புறக் கிடக்கிறது, முதுகு மூடி திறந்திருக்கிறது, பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு தமிழ்மதி கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன கண்ணு, ஊத்துக்குளிக்குப் போகோணும்னு இருக்குதா?"

"இல்லீங்க மாமா. மேல போக மாட்டீங்குதுங்க."

"மேல என்ன கண்ணு இருக்குது? தண்ணி டேங்க்குதான?"

அதற்கு அவள் சிரிக்கவில்லை. பாவம், பொறுமையாக விளக்கினாள். கிட்டாரின் அடிப்பக்கத்தில் கம்பிகளைக் கட்டியிருக்கும் இரும்புத் தகட்டுக்கு பிரிட்ஜ் என்று பெயராம். அதில் ஒரு கைப்பிடி. அதை அமுக்கினால் கம்பி தளர்ந்து சுதி இறங்கும், தூக்கினால் இறுகிச் சுதி ஏற வேண்டும். "முன்னாடி ஆறு கம்பி இழுக்குதுங்க, பின்னாடி ஸ்பிரிங்கு இழுக்குதுங்க. ஸ்பிரிங்கு ரொம்ப டைட்டா இருக்கறதால பிரிட்ஜு கட்டையோட படிஞ்சு உக்காந்திருச்சுங்க மாமா. எந்திரிக்க எடமில்ல. கீழ மட்டும்தான் போகும்." அவர்கள் கம்பெனி ஆண்டு விழாவில் அவள் தானே போட்ட மெட்டை வாசிக்கப் போகிறாளாம், அதன் முடிவு மேலே ஏற வேண்டுமாம். கடையில் கேட்டால் கோயமுத்தூருக்கு அனுப்ப வேண்டும், விழா முடிந்துதான் வரும் என்று கைவிரித்துவிட்டார்களாம்.

சம்பந்தி, நான் டீ-ஷர்ட்டுக்குக் காலர் பின்னுகிற நிட்டிங் யூனிட் நடத்துகிறவன். ஸ்பிரிங், ஸ்க்ரூ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு வேட்டி மடித்துக் கட்டத் தோன்றிவிட்டது. "நகரு கண்ணு" என்றேன். அங்கேதான் சனி பிடித்தது.

பிரிட்ஜ் எவ்வளவு எழும்ப வேண்டும் என்பதற்கு அளவாக அடியில் கொடுக்க ஒரு அட்டை வேண்டும் என்றாள். கெட்டி அட்டை என்று வீட்டில் இருந்தது நம் பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகைதான். அதையே மடித்துச் செருகினோம், தங்கள் பெயர் இருக்கும் பக்கம் மேலே தெரியும்படியாகத்தான். கிட்டாரை அவள் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் பார்த்தாள், நான் பின்பக்கம் ஸ்க்ரூவைப் பிடித்தேன். "அரைச் சுத்து லூஸ் பண்ணுங்க மாமா" என்றாள். அரைச் சுற்று என்ன பெரிய அரைச் சுற்று, சுறுசுறுப்பாக மூன்று சுற்றுச் சுற்றினேன். ணங் என்று ஒரு சத்தம். ஒரு ஸ்பிரிங் கொக்கியை விட்டுத் தெறித்து, என் காதை உரசிக்கொண்டு, சமையலறை வாசலைத் தாண்டி, மயிலாள் திறந்து வைத்திருந்த தங்கள் நெய்த் தூக்குக்குள் போய் விழுந்தது. மயிலாள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தமிழ்மதி எழுந்து நின்றாள்.

"மாமா! கைய எடுங்க மொதல்ல! நான் சொன்னது அரைச் சுத்து! காது கேக்குதா இல்லீங்களா உங்களுக்கு? இதென்ன உங்க காலர் மெஷினா? அந்தப் பக்கம் போய் உக்காருங்க!"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ, சம்பந்தி, மனசெல்லாம் குளிர்ந்துவிட்டது. இந்த வீட்டில் என்னை இந்தச் சுருதியில் திட்டுகிற உரிமை அதுவரை மயிலாளுக்கு மட்டும்தான் இருந்தது. வெளியாளைப் போய் யாராவது இப்படித் திட்டுவார்களா? மயிலாள் கரண்டியால் ஸ்பிரிங்கைத் துழாவிக்கொண்டே, "நல்லா கேளு கண்ணு, எனக்கும் சேர்த்துக் கேளு" என்றாள். அப்புறம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பைச் சொல்லி மாளாது.

ஸ்பிரிங்கை பனியன் வேஸ்ட் துணியில் துடைத்து அவளே மாட்டினாள். அதன் பிறகு நான் டார்ச் மட்டும்தான் பிடித்தேன். ஒரு கம்பியைச் சுதி சேர்த்தால் பிரிட்ஜ் அசைந்து மற்ற ஐந்தும் கலைகின்றன. அந்த ஐந்தைச் சேர்த்தால் முதலாவது கலைகிறது. கொஞ்சம் ஸ்க்ரூ, மறுபடி ஆறு கம்பி, மறுபடி கொஞ்சம் ஸ்க்ரூ. நானாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். அவள் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் பொழுது சாயும்வரை செய்தாள். தாங்கள் வளர்த்த வளர்ப்பு அப்போது தெரிந்தது. கடைசியில் பத்திரிகையை உருவினாள். பிரிட்ஜ் எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நின்றது. "கிரீச்சுனு ஒரு சத்தம் வருமுங்க மாமா, அதுகூட நின்னுருச்சு. எங்க ஊட்டு நெய்யிதான்" என்றாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டி, ஒரு கம்பியைத் தட்டி, கைப்பிடியை மெல்லத் தூக்கினாள். சத்தம் வழுக்கிக்கொண்டு மேலே, மேலே, மேலே போயிற்று. இத்தனை நாளும் இந்தப் பிள்ளை காதுக்குள் இதையா வைத்திருந்தது என்று இன்னொரு தடவை தூக்கச் சொன்னேன்.

ஆண்டு விழா பல்லடம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தமிழ்மதி அருமையாக வாசித்து, முடிவுக்கு வந்து, கைப்பிடியைத் தூக்கினாளோ இல்லையோ, மைக் செட்காரர் ஏதோ கோளாறில் வீல் என்று கத்துகிறது என்று நினைத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டார். மேடையில் பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. நான் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. "ஏனுங்க, அது ரிப்பேர் இல்லீங்க! நாங்க செட் பண்ணுனதுங்க! ஏத்துங்க!" என்று அவர் கையைப் பிடித்தேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவர் ஏற்றினார். தமிழ்மதி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, முடிவை மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை அது கூரை வரைக்கும் ஏறியது. கைதட்டலில் மயிலாளின் விசில் தனியாகக் கேட்டது. அவளுக்கு விசில் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது வீட்டில் உப்புக் குறைந்தால் உடனே சொல்கிறாள். நேற்றுக்கூட ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்குத் திட்டு வாங்கினேன். இப்படி ஒரு மகளைக் கொடுத்ததற்கும், அவளோடு அந்தக் கிட்டாரைக் கொடுத்ததற்கும் எந்த ஜென்மத்தில் நன்றிக்கடன் தீர்ப்பேன்! தங்கள் தொழுவத்தில் பால் பொங்கட்டும், சம்பந்தியம்மாளின் முழங்கால் வலி குறையட்டும், வருகிற ஆடிக்குத் தாங்கள் இருவரும் அவசியம் இங்கே வந்து தங்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
வேலுமணி.

பி.கு.: தமிழ்மதி இதை இப்போதுதான் படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்பே கிட்டாரை விற்றுவிட்டதாகத் தங்களிடம் சொல்லியிருக்கிறாளாம். பெட்டியை அனுப்பியது தாங்கள் இல்லையாம், அதுவரை அதை ஒளித்து வைத்திருந்த அவளுடைய சிநேகிதி அனுப்பிரியாவாம். "அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதானுங்க மாமா, கிழிச்சுப் போடுங்க" என்கிறாள். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை, நெய்க்கு நன்றி சொல்லாமல் இருப்பதும் மரியாதை இல்லை. ஆகவே தாங்கள் பெரிய மனசு பண்ணி, மேலே கிட்டார் என்று வருகிற இடத்திலெல்லாம் தையல் மெஷின் என்று போட்டுப் படித்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.