இருபத்தெட்டு லிட்டர் ஓவன்

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் கேக் வெந்தே தீர வேண்டும், அதுவும் தான் வாய் திறந்து கேட்காமலே வேக வேண்டும் என்று சூசைமாணிக்கம் சபதம் எடுத்தார். சபதம் எடுத்த இடம், திண்டுக்கல்லில் அவர் வீட்டுக் குளியலறை. மனைவி காதில் விழாமல் சபதம் எடுக்க அந்த வீட்டில் வேறு இடம் கிடையாது.

கேட்க முடியாமல் போனதற்கு அவர் வாய்தான் காரணம். கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு செபாஸ்தியம்மாள் குக்கருக்குள் மணலைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி வைத்துவிட்டு, அதில் ஒரு கேக் செய்தாள். அடி கொஞ்சம் கறுத்துவிட்டது. அவ்வளவுதான். மாணிக்கம் ஒரு துண்டை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். சும்மா இருந்திருக்கலாம். "கொத்தனாரக் கூப்பிடுங்கப்பா, செங்கல் வந்துருச்சு!" என்றார். பக்கத்து வீட்டு மெஹராஜ் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செபாஸ்தியும் சிரித்தாள். மறுநாள் குக்கர் மணல் கறிவேப்பிலைச் செடிக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு பதினாலு கிறிஸ்துமஸ். பதினாலுக்கும் பேக்கரி கேக். அந்தச் செங்கல்லின் நடுப்பகுதி எவ்வளவு மெத்தென்று இருந்தது என்பது, சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு, யாரும் பார்க்காமல் இரண்டாவது துண்டைத் தின்றபோதுதான் அவருக்குத் தெரிந்தது. நாக்கு இன்னும் அதை மறக்கவில்லை. ஆனால் ஏக்கம் கேக்குக்காக மட்டும் இல்லை. தட்டை நீட்டிவிட்டு, என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளே, அந்தப் பார்வைக்காகவும்தான். அப்படி அவள் மறுபடி நிற்கவே இல்லை. 'அன்னைக்குச் சொன்னது தப்பு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நூற்பாலையில் நாற்பது பேரை விரட்டி வேலை வாங்கும் சூப்பர்வைசருக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை.

இந்த நிலைமையில்தான் செபாஸ்தி வத்தலக்குண்டுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போன இடத்தில், பாலிமர் களிமண் வகுப்பில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு வந்தாள். பெயர்தான் களிமண். வெயிலில் வைத்தால் காயாது. ஓவனில் வைத்து வேகவிட வேண்டும். தோடு செய்து பழகினாள். பிறகு கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கும் குட்டிச் சுரூபங்கள், ஆடு, இடையர் எல்லாம் செய்து தருகிறேன் என்று கோயில் பங்கில் பன்னிரண்டு வீடுகளுக்கு வாக்கும் கொடுத்துவிட்டாள்.

"ஏங்க, சின்னதா ஒரு ஓவன் வேணும்."

மாணிக்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஓவன் வந்தால் கேக் வராமல் எங்கே போகும்?

"இந்தக் களிமண் பாக்கெட்டுல இங்கிலீஷ்ல என்னமோ போட்டுருக்கு. செத்த படிச்சுச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாத்தியார் மாதிரி படித்தார். நூற்று முப்பது டிகிரி. சூடு ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். கருகினால் கெட்ட புகை வரும். கடைசி வரியில் குரல் சட்டென்று நின்றது. களிமண் வேகவைக்கும் ஓவனில் சாப்பாட்டுப் பொருளை வைக்கக் கூடாது என்றிருந்தது. அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்தார்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

மண் உள்ளே போவதற்கு முன்னால் கேக் உள்ளே போய்விட வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

கடையில் முதலில் மைக்ரோவேவைக் காட்டினார்கள். "ரெண்டே நிமிசம் சார்!"

"அதெல்லாம் ஆகாது. கம்பி காஞ்சு, அந்த அனல்ல வேகணும்," என்றார் மாணிக்கம், பிறந்ததிலிருந்து களிமண்ணோடு புழங்கியவர் போல.

செபாஸ்தி ஓரத்தில் இருந்த ஒன்பது லிட்டர் ஓவனைத் தடவிப் பார்த்தாள். "இம்புட்டு போதும்ங்க."

"விவரம் தெரியாமப் பேசாத. இதுல கம்பி தலைக்கு மேலயே இருக்கு. உன் ஆடெல்லாம் கருகி எருமையாப் போயிரும். அந்த இருபத்தெட்டு லிட்டர எடுப்போம்."

"ஆத்தாடி, அம்மாம் பெருசா? அதுல நானே ஏறி உக்காரலாம் போல!"

"சூடு சமமாப் பரவ இடம் வேணும்ல?" சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டுச் சாண் போட்டார். கேக் டின் தாராளமாகப் போகும்.

"உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் செபாஸ்தி.

உச்சி குளிர்ந்துவிட்டது. ஓவனை ஆட்டோவில் ஏற்றி அவளோடு அனுப்பிவிட்டு, மைதாவும் வெண்ணெயும் முந்திரியும் திராட்சையும் வாங்கக் கிளம்பினார். கேக் டின்னும் புதுசாக ஒன்று வாங்கினார். வழியெல்லாம் அவருக்கு ஏலக்காய் வாசம் அடித்தது.

வீட்டில் அடித்தது வேறு வாசம். ஓவனுக்குள் இரண்டு தட்டு நிறைய ஆடுகளும் இடையர்களும் வெந்துகொண்டிருந்தார்கள். நடுவில் சூசையப்பர் கோலோடு நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சூசைமாணிக்கம் பையோடு நின்றார்.

"அதுக்குள்ள... வச்சுட்டியா?"

"பையில என்னங்க, கேக் சாமானா? இனி இதுல திங்கிற பொருள் வைக்கக் கூடாதுல்ல. கடைசி வரில போட்டுருக்கே."

"உனக்கு எப்படி..."

"வகுப்புல மொத நாளே அதத்தான் சொன்னாங்க. நீங்க விரல வச்சு மறைச்சப்பவே, மனுசன் கேக்குக்கு அடி போடுறாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"பின்ன எதுக்குச் சின்ன ஓவன் கேட்ட?"

"பெருசு கேட்டிருந்தா நீங்க சின்னது போதும்னு சொல்லியிருப்பீங்க. பன்னெண்டு வீட்டுக்குச் சின்னது எப்படிப் பத்தும்?"

மாணிக்கம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் முந்திரி, திராட்சை. வேறு வழியில்லாமல் அந்த வார்த்தை தானாகவே தொண்டையைத் தாண்டியது.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது செபாஸ்தி. அந்தக் கேக் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொருக்காத் திங்கணும்னு பதினாலு வருசமா ஆசை."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத மொத வருசமே சொல்லியிருந்தா, வருசா வருசம் தின்னுருக்கலாம்ல? இதுக்கு எதுக்கு ஓவன்? குக்கர் இருக்கு," என்றாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒரு சாக்குப்பையைக் கையில் கொடுத்தாள். "மணல்தான் இல்ல. அடுத்த தெருவுல வீடு கட்டுறாங்க. கேட்டு அள்ளிட்டு வாங்க."

கால் மணி நேரத்தில், தோளில் மணல் மூட்டை, தலையெல்லாம் தூசி, முகம் கொள்ளாத சிரிப்போடு மாணிக்கம் வாசலில் ஏறினார்.

செபாஸ்தி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தாள்:

"மெஹராஜ் அக்கா, கொத்தனாரு வந்துட்டாரு!"