வேட்டு அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம்

தென்காசி வட்டாரத்திலேயே அதிகமாகச் சத்தம் போட்டவர் வேட்டு அண்ணாச்சிதான். அதில் பாதி, மற்றவர்களைச் சத்தம் போடாதே என்று அதட்டுவதற்காகப் போட்டது.

கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு வேட்டுப் போடுவது அவர் தொழில். குற்றாலம் முதல் பண்பொழி வரை அதிரவைத்ததில் காது இரண்டும் மந்தம். ஆனால் வீரகேரளம்புதூர் பக்கம், குளக்கரையில் இருந்த எங்கள் ஊருக்குள் நுழைந்தால் ஆளே வேறு. தை பிறந்ததும் எங்கள் தெருப் புளியமரங்களில் நாரைகள் கூடு கட்டும். குஞ்சுகள் பறக்கும்வரை ஊரில் வேட்டு கிடையாது. வெடித்தால் தாய்ப்பறவை கலையும், பருந்து முந்திக்கொண்டு குஞ்சைத் தூக்கிவிடும். இந்தக் கட்டுப்பாட்டுக்கு அண்ணாச்சிதான் காவல். தும்முவதற்கு நான் வாயைத் திறந்தாலே போதும், "மெதுவாத் தும்முலே, மேல குஞ்சு இருக்குல்லா!" என்று தெருமுனையிலிருந்து கத்துவார்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு மாசியில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். வாசல் புளியமரத்தடியில் பந்தல். மாப்பிள்ளையின் தாய்மாமன் பண்பொழியிலிருந்து ஒரு பெட்டி நிறையச் சரவெடியோடு வந்து இறங்கினார். மரத்தில் குஞ்சுகள் இருப்பதைச் சொல்லியும் மசியவில்லை.

"வேட்டுக்காரர் வீட்டுக் கல்யாணத்துல வேட்டு இல்லன்னா ஊரு சிரிக்காதா? தாலி கட்டும்போது வெடிச்சாவணும். இல்லன்னா மாப்பிள்ளைய எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவோம்."

அண்ணாச்சி நேரே போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க சம்மந்தி!"

"எனக்குக் காது கேக்காது சம்மந்தி."

"கேக்காமத்தான் பதில் சொல்லுதீயளா?"

மாமன் கோபத்தில் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து எழுப்பப் போனார். மணமேடையில் மகள் கண்கலங்கி அப்பாவைப் பார்த்தாள். அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது, ஆனாலும் பெட்டியை விட்டு அசையவில்லை. சண்டை முற்றுவதற்குள் தாலி ஏறட்டும் என்று யாரோ கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டினார்கள். தவில்காரர் வெளியூர். எங்கள் ஊரில் கெட்டிமேளத்தையே விரல்நுனியால்தான் தட்டவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. குச்சியை ஓங்கினார்.

"மெதுவா! விரலால தட்டும்வே!"

அண்ணாச்சி போட்ட அந்தக் கத்தலுக்குச் சரவெடியே தேவலை. மரத்திலிருந்த நாரைகள் அத்தனையும் எழும்பிவிட்டன. குளத்துக்கு மேலே ஒரு பருந்து வட்டமடித்தது.

அண்ணாந்து பார்த்த மாமன்தான் முதலில் பேசினார், அதுவும் ரகசியக் குரலில். "ஐயோ, குஞ்சு விழுந்துருமோ?"

அவருடைய கை மாப்பிள்ளையின் தோளிலிருந்து தானாக விலகியது. கிடைத்தது சமயம் என்று மாப்பிள்ளை சத்தமில்லாமல் தாலியைக் கட்டிவிட்டார்.

நாரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

"எல்லாம் எறங்கிட்டாலே?" என்று என்னைக் கேட்டார். அண்ணாச்சியின் கண்ணைத் தண்ணீர் மறைத்திருந்தது.

"எறங்கிட்டு அண்ணாச்சி. தாலியும் ஏறிட்டு," என்றேன்.

நாரைகளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததில், ஒரே மகள் கழுத்தில் தாலி ஏறியதை மனுஷன் பார்க்கவே இல்லை. இன்றும் எங்கே கெட்டிமேளம் கொட்டினாலும், எல்லோரும் மணமேடையைப் பார்க்கும்போது நான் அவருக்காக ஒரு தடவை மேலே பார்த்துக்கொள்கிறேன்.