ஆஜர் கூப்பிட்ட பெயர்கள்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஜில்லாவையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், செத்துப்போனவர்களை அதட்டி உட்காரவைத்த ஆள் என்று எங்கள் ஆஜரைத் தவிர வேறொருவரைக் காட்ட முடியாது.

ஆஜர் என்பது பட்டப்பெயர். எங்கள் ஊர் ஜெர்மன் கோயிலில் மணி அடிப்பது, பெருக்குவது, கல்லறைக் குழி வெட்டுவது எல்லாம் அவர்தான். வாலிகண்டபுரம் தாண்டி மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே நிற்கிற கோயில். ஜெர்மனியிலிருந்து ஒரு துரை, பெண்டாட்டி பிள்ளையோடு வந்து கரிசலில் கூடாரம் அடித்துக் கட்டியது. கல் சுமந்தவர்கள் எங்கள் பாட்டன்மார். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. சுவர்க் கல்லை உற்றுப் பார்த்தால் உள்ளே கிளிஞ்சல் பதிந்திருக்கும். கடல் எந்தப் பக்கம் என்றே தெரியாத ஊரில் கிளிஞ்சல். கப்பலில் வந்த கல் என்று என் அப்பா சத்தியம் செய்வார். நம் ஓடைக் கல்தான் என்று பிறகு காலேஜ் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். அது கிடக்கட்டும். துரை, துரையம்மா, அவர்கள் மகள் என மூன்று பேரும் ஒரே காய்ச்சலில் போய்க் கோயிலுக்குப் பின்னால் படுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் சில ஜெர்மன் ஐயர்மார் வந்து போனார்கள். போதகரை நாங்கள் ஐயர் என்போம்.

கோயில் பீரோவில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. பெயர்கள் தமிழில், மற்றதெல்லாம் ஜெர்மனில். கடைசி நாலு பக்கம் முழுக்க ஜெர்மன். கோயிலைக் கட்டின காலத்து சபையார் பட்டியல் என்று எல்லோரும் நம்பினோம். ஆஜரும் என்னைப் போலப் பள்ளிக்கூடம் பார்க்காதவர். (நான் சொல்லச் சொல்ல எழுதும் என் மருமகள் இந்த இடத்தில் சிரிக்கிறாள்.) ஒரு உபதேசியாரைப் படிக்கச் சொல்லிப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டார். ஞாயிறு ஆராதனை முடிந்து உச்சி வெயில் ஏறும் நேரத்தில் புத்தகத்தை விரித்துக் கூப்பிட ஆரம்பிப்பார். அந்தந்த வீட்டுக்காரர் எழுந்து, தன் முப்பாட்டனுக்காக “ஆஜர்” சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விடமாட்டார். என் பாட்டனுக்கு ஒரு வாரம் நான் தூங்கிவிட்டேன். “ஒங்க தாத்தா வந்து நிக்கிறாரு, நீங்க கொறட்ட விடுறீங்க” என்றார். நின்ற இடத்தை அவர் கை காட்டியது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

துரை குடும்பத்துக்குச் சொல்ல ஆள் கிடையாது. பெயரைக் கூப்பிட்டுவிட்டு, காலியான முதல் பெஞ்சைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். ஒரு பங்குனி ஞாயிறு. இலை அசையவில்லை. துரை மகள் பெயரைக் கூப்பிட்டதும் கோயிலின் கடைசி பெஞ்சிலிருந்து மெல்லிய குரலில் “ஆஜர்” என்று வந்தது. திரும்பிப் பார்த்தோம். சாத்திய கதவு மட்டும் இருந்தது. பெண்கள் பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். ஆஜர் மட்டும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “கொஞ்சம் சத்தமாச் சொல்லு தாயி, முன்னால இருக்கவங்களுக்குக் கேக்க வேணாமா” என்று பக்கத்தைத் திருப்பினார்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு கவலை வந்தது. கல்லறைத் தோட்டம் நிறைந்துகொண்டே போனதால், சபைப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் இனி இடம் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. ஞானஸ்நானப் புத்தகத்தைத் தேடினால் அவர் பிறந்த காலத்துப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. அப்பா அம்மா இல்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. சாட்சி சொல்ல யாரும் இல்லை. கமிட்டிச் செயலாளரான ரிட்டயர்டு வாத்தியார், ஏரிக்கரையில் பொது இடுகாடு இருக்கிறதே என்றார்.

“அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாதுங்க சார். இங்கன்னா எல்லாரையும் பேரு சொல்லிக் கூப்புடுவேன்” என்றார் ஆஜர்.

வாத்தியார் தீர்மானம் தீர்மானம்தான் என்றுவிட்டார். ஆயுசு முழுக்க ஊருக்கெல்லாம் குழி வெட்டினவர், தனக்கு இடமில்லாமல் இளைத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை குரலும் தேய்ந்தது.

அப்போதுதான் திருச்சியிலிருந்து ஒரு காரில் ஜெர்மன் அம்மா ஒருத்தி வந்து இறங்கினாள். துரையின் அண்ணன் வம்சமாம். கல்லறையைப் பார்த்து அழுதாள். ஐயர் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து, வாராவாரம் நாங்கள் ஆஜர் சொல்லும் பட்டியல் என்று காட்டினார். அவள் முதல் பக்கத்தைப் படித்து முகம் வெளுத்தாள். போனில் எதையோ தட்டினாள். போன் உயிரே இல்லாத ஒரு பெண் குரலில் தமிழ் பேசியது.

“இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்கள்.”

சபையார் பட்டியல் இல்லை, சாவுப் பட்டியல். தேதியையெல்லாம் ஞானஸ்நானத் தேதி என்று நினைத்திருந்தோம். அத்தனை வருடம் வாராவாரம் பிணக் கணக்கைப் படித்து, நாங்களும் எழுந்து நின்று, ‘ஆஜர், வந்திருக்கிறோம்’ என்று சொல்லியிருக்கிறோம். வாத்தியார் மெதுவாகப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர்தான் எங்களில் சத்தமாகச் சொல்கிறவர்.

அவள் கடைசிப் பக்கங்களுக்குப் போனாள். விரலால் தடவித் தடவிப் படித்து மறுபடி தட்டினாள். போன் ஒரு பெயரைச் சொன்னது. பிறகு தகப்பன் பெயர். “வயது பதினோரு நாள். காய்ச்சல். மூன்றாவது வரிசை.”

அது ஆஜரின் பெயர். நிஜப் பெயர். எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் குனிந்து, அவர் கால் தரையில் படுகிறதா என்று பார்த்தார். பொய்யில்லை, நானும் பார்த்தேன்.

ஆஜர் அசையவில்லை. “எங்கம்மா சொல்லும். குழிக்குள்ள எறக்கையில அழுதேனாம், தூக்கிட்டு வூட்டுக்கு வந்துட்டாங்களாம். சும்மா கத விடுதுன்னு நெனச்சேன்” என்றார். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினார். “மூணாவது வரிசன்னு சொல்லுது. கேட்டீங்கள்ல சார்?”

பெயரை அடித்துவிடலாமா என்று ஐயர் பேனாவை எடுத்தார். ஆஜர் புத்தகத்தைப் பிடுங்கி அக்குளில் வைத்துக்கொண்டார். ஏற்கெனவே அடக்கமான ஆளுக்கு இடமில்லை என்று எந்தக் கமிட்டியும் சொல்ல முடியவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் கொஞ்ச நாள் அவர் கையில் கிளாஸைக் கொடுக்காமல் பலகையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

இரண்டு வருடம் கழித்து, வெங்காயம் பிடுங்கும் நேரத்தில், மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது வரிசையில் நாங்கள் குழி வெட்டினோம். இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி செங்கல்லில் இடித்தது. நாலு பக்கமும் செங்கல் அடுக்கி ஒரு சின்னக் குழி, ஒன்றரை முழ நீளம் இருக்கும். மேலே கல் மூடியிருந்தது. திறந்து பார்த்தோம். உள்ளே மண்கூட இல்லை. துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. அதை ஒட்டியே பெரிதாக வெட்டி அவரை இறக்கினோம்.

சாயங்காலம் ஐயர் புத்தகத்தை விரித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அடக்கம் என்றும் எழுதியிருக்கிறது. இனி எதை எழுதுவது என்று என்னைக் கேட்டார். எழுத்தே தெரியாதவனைக் கேட்டால் என்ன சொல்வேன்?

“நடுவுல ஒரு எம்பது வருசம் எங்ககூட இருந்தாருன்னு எழுதுங்க ஐயரே” என்றேன்.