மோகோபாவுக்கு மணி அடித்தது

உள்ளறையில் 'டிங்' என்றது. கோதண்டபாணி காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். பெற்ற பிள்ளை வீறிட்டு அழுதால்கூட மனிதன் இப்படி ஓடமாட்டான்.

வாசகரே, இவர்தான் 'அலர்ட் வைத்தவர்' என்னும் இனம். ஆம்பூரில் செருப்புக் கம்பெனி வைத்து, மனைவி மோகனாவின் பெயரில் கொஞ்சமும் தன் பெயரில் கொஞ்சமும் கிள்ளி அதற்கு 'மோகோபா' என்று பெயர் சூட்டி, அந்தப் பெயர் எந்த நியூஸ்லெட்டரில் வந்தாலும் போன் மணியடிக்கும்படி ஏற்பாடு செய்து, தோல் மடல், ஃபேஷன் மடல், ஏனோ ஒரு கோழிப்பண்ணை மடல் வரை சந்தா கட்டிக் காத்திருப்பவர். உலகம் தன்னைப் பற்றியே பேசுகிறது, தன் காதில்தான் விழவில்லை என்பது இவர்களின் தீராத துயரம். பேசுகிறதா? அது வேறு விஷயம்.

கண் கலங்கத் திரும்பினார்.

"மோகனா, நம்ம பேரு வந்துட்ச்சி!"

"இன்னாத்துல?"

"'ஆம்பூர் காலடி' நியூஸ்லெட்டர்ல."

"அது நீங்களே எழுதி அனுப்புறதாச்சே?"

"இருக்கட்டுமே. வந்துச்சா, இல்லியா?"

மோகனா பல்லைக் கடித்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் வேலூரில் செருப்புக் கடைகள் வைத்திருக்கும் தௌசீப் அகமது. அவர் ஆர்டர் தராவிட்டால் அடுத்த மாதம் கம்பெனியில் பாதிப் பேருக்கு வேலையில்லை.

"பாணி சார், தோலு அருமை. கஸ்டமருங்க மோகோபாதான் வேணும்னு கேக்கறாங்க. வார்தான் பேஜார், சீக்கிரம் அறுந்துடுது. அத மாத்திக் குடுங்க, ரம்ஜானுக்கு ஜாஸ்தி எடுத்துக்கறேன்."

மறுபடி 'டிங்'. "ஒரு நிமிஷம் பாய்!" கோதண்டபாணி மறைந்தார். அதே மடல், அவருடைய இன்னொரு மெயிலுக்கும் வந்திருந்தது. பூரித்த முகமும் கையில் போனுமாகத் திரும்பினார்.

"பாய், இன்னாவோ சொன்னீங்களே, அத ஏதாச்சும் நியூஸ்லெட்டர்ல எழுதிடுங்களேன். அப்பதான் எனக்கு அலர்ட் வரும். கொறையா இருந்தாலும் பரவால்ல, பேரு மட்டும் கரெக்டா போட்டுடுங்க."

தௌசீப் எழுந்தார். "எழுதுறேன் சார். மொதல்ல வேற எடத்துல செருப்பு பாத்துட்டு வந்து எழுதுறேன்."

"வார் மாத்தித் தர்றோம் பாய்!" மோகனா குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்க மாத்துவீங்கம்மா. அவர் காதுல விழணுமே."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று நீங்கள் போட்ட படத்துக்கு யார் யார் என்ன எழுதினார்கள் என்று இதற்குள் எத்தனை தடவை திறந்து பார்த்தீர்கள்? அப்போது பக்கத்தில் இருந்து ஒருவர் உங்களிடம் ஏதோ சொன்னாரே, என்ன சொன்னார்?

தௌசீப் படியிறங்கினார். கோதண்டபாணி போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "வாங்க பாய், உக்காருங்க" என்றபடியே கதவைச் சாத்தினார்.