கேட்காத காதுக்குக் கே-பாப்

முதலில் ஒரு 'டொக்'. அப்புறம், காய்ந்த சருகை யாரோ உள்ளங்கையில் வைத்துக் கசக்குவது போல ஒரு கரகரப்பு. அதற்குப் பிறகுதான் குரல். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ரயில் நிலையத்தில் காத்து நின்றவர்கள் யாரும் அந்தக் கரகரப்பை மறந்திருக்க மாட்டார்கள். குரலுக்குச் சொந்தக்காரர் மட்டும், ஜனங்கள் மறக்காமல் வைத்திருப்பது தன் குரலைத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் அறிவிப்பாளர். ஆறடிக்கு நாலடி அறை, ஒரு மேசை, ஒரு ஒலிவாங்கி, மூடி போட்ட தண்ணீர்த் தம்ளர். வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்பதைக்கூட, கேட்கிறவன் கோபப்பட மறந்துபோகிற மாதிரி சொல்லுவார். ஒருநாள், ஆலையில் தறி ஓட்டும் பெண் ஒருத்தி அறை ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"நீங்கதானா அது?"

அவருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. "ஏன், என் குரல் பிடிக்குமா?"

"குரல் இல்லீங்க. அதுக்கு முன்னாடி ஒரு கரகரப்பு வருமே, அதுதான் பிடிக்கும். அது வந்தா வண்டி வருதுன்னு அர்த்தம்."

அன்றைக்கே ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம். கல்யாணம் செய்துகொண்டார்.

தறிக்கூடத்தில் அவள் முப்பத்தொரு வருஷம் நின்றாள். நாற்பது தறி ஒரே மூச்சில் அடிக்கிற இடத்தில் தொண்டை எதற்கும் உதவாது. அங்கே பெண்கள் உதட்டால் பேசுவார்கள். பத்துத் தறி தாண்டி நிற்பவளுக்கு, நடுவில் நிற்கும் மேஸ்திரியின் வண்டவாளத்தை எல்லாம், சத்தமே இல்லாமல், அவன் மூக்குக்கு நேராகவே சொல்லி முடித்துவிடுவார்கள். ஆலை அவளுக்கு உதடு படிக்கக் கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொடுத்ததற்குக் கூலியாகக் காதை எடுத்துக்கொண்டது.

வேலையை விட்ட நாலாம் வருஷம் காது டாக்டர் சொன்னார். வலது முழுக்கப் போய்விட்டது. இடதில் கால் பங்கு இருக்கிறது. அதுவும் ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை.

ஒரு வழி இருந்தது. மகள் வேலை பார்க்கும் வெளிநாட்டு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று. மண்டைக்குள் ஒரு சின்னக் கருவியைப் பதித்துவிடுவார்கள். பதித்தால் மறுபடி கேட்கும். ஆனால் பழைய காதின் மிச்சம் அதோடு போய்விடலாம். புதிதாகக் கேட்கும் சத்தமும் முதலில் மனுஷக் குரல் மாதிரி இருக்காது, தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கும், போகப் போகப் பழகிவிடும் என்றார்கள்.

"தகரச் சத்தத்தைத்தான் முப்பத்தொரு வருஷம் கேட்டேனே, போதாதா?" என்றாள் அவள். "இருக்கிற கால் பங்கை நான் செலவழிச்சு முடிச்சுக்கறேன். யாரும் தோண்டி எடுக்க வேண்டாம்."

"நான் சொன்னா கேளு."

"கேக்கலைன்னுதானே டாக்டர்கிட்டயே போனோம்?"

இந்த வீட்டில் அவர் வார்த்தை எடுபட்டதாகச் சரித்திரம் இல்லை. முன்பெல்லாம் அவள் கேட்கமாட்டாள். இனிமேல் அவளால் கேட்கமுடியாது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பாதிச் சிரிப்பில் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

அங்கே நின்றபடிதான் அந்த மகத்தான தீர்மானத்துக்கு வந்தார். இவளை இவளுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது.

திட்டம் சின்னது. அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அவருக்குத்தான் வைத்தியம். மகளையும் பார்த்த மாதிரி ஆச்சு, ஊரையும் பார்த்த மாதிரி ஆச்சு. துணைக்கு இவள் வருகிறாள். டாக்டர் அறைக்குள் போனதும், "அட, வந்தது வந்தீங்க, அம்மா காதையும் ஒரு தடவை பார்த்துடலாமே" என்று டாக்டரே ஆரம்பிப்பார். மற்றதை அறிவிப்பாளர் பார்த்துக்கொள்வார். நாள் வாங்கியது அவள் பேரில். மகளும் உடந்தை. மகளோடு தொலைபேசியில் திட்டம் பேசும்போதெல்லாம், மனைவி தன் உதட்டைப் பார்த்துவிடாதபடி சுவரைப் பார்த்தே பேசினார். பதினைந்து நாளில் சுவரிலுள்ள விரிசல்கள் மனப்பாடமாகிவிட்டன.

நடிப்பும் ஆரம்பமாயிற்று. எதைச் சொன்னாலும், "ஆங்?"

"சாப்பிட வாங்க."

"ஆங்?"

"சாப்பாடு வேண்டாமா?"

"வேணும், வேணும்."

"அது மட்டும் கேக்குது."

மகள் வீட்டில் இறங்கிய அன்று அவள் மகளின் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு கீழே வைக்கவில்லை. அதில் ஆறு இளைஞர்கள், ஆறு நிறத் தலைமுடியோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். மகள் விளக்கினாள்: இதற்குக் கே-பாப் என்று பேர், கொரிய நாட்டுப் பாட்டு. இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களுடைய கச்சேரி இருக்கிறது.

"இவங்க காலைப் பாருங்க," என்றாள் அவள். "ஆறு பேரும் ஒரே தறியில பூட்டின மாதிரி. ஒரு அடி தப்பல."

"கேக்காத காதுக்குக் கே-பாப்பா?" என்று அவர் மகள் பக்கம் திரும்பி முணுமுணுத்தார். பக்கவாட்டில் உதடு பாதிதான் தெரியும் என்ற தைரியம்.

"ஆமா, கேக்காத காதுக்குத்தான். கேட்ட காதுக்கு உங்க பேச்சே போதுமே." பாதி உதடு அவளுக்குத் தாராளம்.

மகள் சொன்னாள், "அங்க சத்தம் காதுல மட்டும் வராதும்மா. தரையிலேர்ந்து வரும். நெஞ்செலும்புல வந்து தட்டும்."

அவள் கைப்பேசியை மெல்ல மடியில் வைத்தாள். "ஒரு பாட்டை முழுசாக் கேட்டு ஆறு வருஷம் ஆச்சு," என்றாள். "அங்கங்க ஓட்டை விழுந்த துணி மாதிரித்தான் எல்லாப் பாட்டும் வருது. இவரோட ஆஸ்பத்திரிக்கு நான் வர்றேன். அதுக்கு முன்னாடி அங்க இவர் என்னோட வரணும்."

தூண்டிலில் மீன் தானாக வந்து மாட்டிக்கொண்டது என்று நினைத்தார் அறிவிப்பாளர். எந்தப் பக்கம் மீன் என்று யோசிக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு மகள் அவர்களை வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். வட்டமான அரங்கம். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் கடுகு போலத் தெரிந்தார்கள். பதினாறு பதினேழு வயசுப் பெண்கள் ஆளுக்கொரு விளக்குக் குச்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாக் குச்சியும் யாரோ சொல்லிவைத்த மாதிரி ஒரே நொடியில் நீலமாகின, ஒரே நொடியில் வெளுத்தன. மேடைக்கு மேலே நாலு மாடி உயரத்துக்கு ஒரு திரை. வாசலில் நின்ற சீருடைக்காரி, வயசானவர்கள் என்று இரக்கப்பட்டு, ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்திருந்தாள். காதில் வைத்துக்கொள்ளும் பஞ்சு அடைப்பான்.

அறிவிப்பாளர் தன் பொட்டலத்தைப் பிரிக்கப் போனார். அவள் கை நீண்டது.

"உங்களுக்கு எதுக்கு?"

"ஆங்?"

"அதேதான். 'ஆங்'னு கேக்கற காதுக்கு அடைப்பான் எதுக்கு? இருக்கிறதும் கேக்காமப் போயிடப் போகுது."

இரண்டு பொட்டலங்களும் அவள் கைப்பைக்குள் போயின. பையின் ஜிப் மூடிக்கொண்ட சத்தம்தான் அன்று அவர் காதில் பழுதில்லாமல் விழுந்த கடைசிச் சத்தம்.

ஆரம்பித்தது.

சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. யாரோ அவரைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிய மாதிரி இருந்தது. பல் ஆடியது. மூக்குக்கண்ணாடி நகர்ந்தது. காதைப் பொத்த இரண்டு கையும் எழுந்தன; பாதி வழியில், தனக்குக் காது மந்தம் என்பது ஞாபகம் வந்து, கைகள் தாமாகவே கைதட்டலாக மாறின. பக்கத்துப் பெண் அவரைப் பார்த்து ஆனந்தமாகத் தலையாட்டினாள்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றியிருந்தாள். ஒரு கை முன்நாற்காலியின் இரும்பைப் பிடித்திருந்தது. இன்னொரு கை நெஞ்சுக்குழியில். மூன்றாவது பாட்டில் அவர் பக்கம் திரும்பினாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. அவர் காதில் ஒன்றும் விழவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அந்த உதட்டுப் பாஷையில் ஒரு எழுத்தையாவது கற்றுக்கொள்ள அவருக்குத் தோன்றியதில்லை. கடைசியில் அவள் விரலால் அவர் உள்ளங்கையில் தட்டிக் காட்டினாள். தட்டு, தட்டு, தட்டு. ஒரு தட்டும் விடாமல் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் அவருக்குள் என்னவோ பிடி தளர்ந்தது. வாழ்நாளெல்லாம் ஒலிவாங்கியின் முன்னால், தவறாமல், தடுமாறாமல் பேசிய மனுஷர். அவள் கண் மேடையில் இருக்கிறது. தன் குரல் தனக்கே கேட்காத இந்த இடத்தில் எதைச் சொன்னால்தான் என்ன? அவளுடைய பக்கவாட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டே, முழுத் தொண்டையில், பேசத் தொடங்கினார்.

"பொய் சொல்லித்தான்டி கூட்டிட்டு வந்தேன். என் காது நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு உன் பேர்லதான் நாள் வாங்கியிருக்கு. மகளும் கூட்டு. உனக்காகன்னுதான் அவகிட்ட சொன்னேன். உனக்காக இல்ல. நீ கேக்காமப் போயிட்டா நான் யார்கிட்டடி பேசுவேன்? வேற யாரு என் பேச்சைக் கேட்டா? ஸ்டேஷன்ல நின்னவங்க எல்லாம் வண்டி வந்ததும் போயிட்டாங்க. நீ ஒருத்திதான் இருந்தே. பயமா இருக்குடி."

கூட்டம் திடீரென்று வீறிட்டது. சுற்றியிருந்த பெண்கள் அவர் பக்கம் திரும்பி விளக்குக் குச்சியை ஆட்டினார்கள். ஏன் என்று தெரியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரும் கையாட்டினார். நல்லவேளையாக அவள் திரும்பவில்லை. தலையை நிமிர்த்தி, மேடைக்கு மேலே எதையோ அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. வலது காதுக்குள் ஒரு கொசு நுழைந்து, வாடகைக்கு இருக்க வந்ததைப் போலக் குடியேறியிருந்தது.

திங்கள் காலை ஒன்பது மணி. டாக்டர் அறை. வெள்ளைச் சுவர், சுவரில் காதின் குறுக்குவெட்டுப் படம், மேசையில் சம்மதப் படிவம். டாக்டர் அவளைப் பார்த்துச் சிரித்து, படிவத்தை அவள் பக்கம் நகர்த்தி, ஏதோ சொன்னார். மகள் மொழிபெயர்க்க வாய் திறந்தாள்.

"இரு," என்றாள் அம்மா. "பேர் மாறிப்போச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லு. நோயாளி இவர்தான்."

"எனக்கு என்ன?" என்று பதறினார் அறிவிப்பாளர். "என் காது நல்லாத்தான்..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கா? பதினஞ்சு நாளா 'ஆங்'னீங்களே?"

"ஆங்?"

இது நடிப்பில்லை. நிஜமாகவே அவருக்குப் பாதிதான் விழுந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். எழுந்து வந்து அவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, தலையில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார். அறிவிப்பாளர் இடது பக்கத்துக்குச் சிலமுறை தூக்கினார். வலது பக்கத்துக்கு, பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பையனைப் போல, கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், டாக்டர் பொத்தானை அழுத்துவதை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். தூக்காத ஒவ்வொரு தடவைக்கும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது.

டாக்டர் சொன்னதை மகள் மெதுவாகச் சொன்னாள். வலது காது நரம்பு அடிபட்டிருக்கிறது. மருந்து தருகிறார்கள். முழுசாகத் திரும்புவது கஷ்டம்.

அவள் கைப்பையைத் திறந்து, பிரிக்காத இரண்டு பொட்டலங்களையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"விளையாட்டாத்தான் எடுத்தேன்," என்றாள். "நாலு நிமிஷத்துல 'எனக்குக் காது கேக்குதுடி, குடு'ன்னு கேப்பீங்கன்னு இருந்தேன். நீங்க கைதட்டிக்கிட்டே உக்காந்திருந்தீங்க. அப்புறம் எனக்குத் தரையிலேர்ந்து தறிச் சத்தம் வந்திருச்சு. உங்களை மறந்துட்டேன்."

"அப்ப நான் நடிக்கிறேன்னு உனக்கு..."

"சுவத்தைப் பாத்துப் பேசுற ஆளு எதையோ ஒளிக்கிறாருன்னு தெரியாதா? எதைன்னுதான் தெரியல. அதையும் நேத்து நீங்களே சொல்லிட்டீங்களே."

"நான் எங்க சொன்னேன்?"

"நாலு மாடி உசரத்துல சொன்னீங்க. கேமராவைக் கூட்டத்துப் பக்கம் திருப்பி, அந்தத் திரையில உங்க மூஞ்சியைத்தான் காட்டினாங்க. உதடு ஒண்ணொண்ணும் வாசக்கதவு அகலம். ஒரு எழுத்து விடாமப் படிச்சேன். பாட்டோட சேர்ந்து பாடறீங்கன்னு நெனச்சு அந்தப் பொண்ணுங்க எல்லாம் கத்திச்சுங்க." பொட்டலங்களை மேசையில் ஓரமாக நகர்த்தினாள். "கடைசி வரியில எழுத்து கலங்கிப்போச்சு. உங்க மூஞ்சியா, என் கண்ணான்னு தெரியல."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மொழி தெரியாத டாக்டரும், என்னவோ புரிந்தவரைப் போல, மேசையில் இருந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அறிவிப்பாளர் படிவத்தை ஒருமுறை கடைசியாக அவள் பக்கம் நகர்த்திப் பார்த்தார். "ஒரு கையெழுத்து. எனக்காக."

"உங்களுக்காகத்தான் வேண்டாங்கறேன். தகரத்துல கீறின மாதிரி உங்க குரல் எனக்குள்ள வரவேண்டாம். பழகிடுமாம். அதுவரைக்கும் நான் உங்களைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு இருக்கணுமா?" படிவத்தை அவள் அவர் பக்கமே திருப்பிவைத்தாள். "யார்கிட்ட பேசுவேன்னு கேட்டீங்கல்ல? என்கிட்டதான். இத்தனை வருஷம் கேட்டுக்கிட்டேன். இனிமே பாத்துக்கறேன்."

அவர் அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தார். நல்ல பதில் ஒன்று நாக்கு நுனியில் இருந்ததாகப் பிற்பாடு பலமுறை சொன்னார். என்ன பதில் என்று சொன்னதில்லை.

மறு வருஷம், மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், அவளுக்கு மிச்சமிருந்ததும் போயிற்று. காதுக் கருவி மாட்டிக்கொண்டது அவர்.