வேர்க்க வேர்க்க நடுங்கினேன்

தலையே போனாலும் இந்தத் தை மாசம் சிறுமலைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். அங்கே என் மச்சினன் பொன்னழகுக்கு வாழைத் தோட்டம். "விருந்துக்கு வாங்க மச்சான்" என்பான். சாப்பிட்ட இலையை மடிக்குமுன் தலையில் வாழைத்தாரை ஏற்றிவிடுவான். இப்போது புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறானாம்.

வேலைக்குப் பயம் என்று சொல்ல வெட்கம். அதனால் சம்சாரம் பேச்சாயியிடம் குளிரின் மேல் பழியைப் போட்டேன்.

"மலைக்குளிரு எனக்கு ஆகாது பேச்சாயி. நெஞ்சுக்குள்ள போயி ஒக்காந்துக்குது. நீ மட்டும் போயிட்டு வா."

அவள் நேராகத் திண்டுக்கல் கடைவீதிக்குப் போய் ஒரு ஜெர்கினோடு வந்தாள். தலையணைக்குக் கை வைத்துத் தைத்தது போல உப்பியிருந்தது. தூக்கினால் அப்பளக் கனம்.

"என்னடி, காத்தத் தச்சு வித்திருக்கான்?"

"உள்ள பாலியஸ்டர் பஞ்சாம். இம்புட்டுக் கனம்கூட இருக்காது, ஆனா ஒடம்புச் சூட்ட வெளிய விடாதாம். போட்டுப் பாருங்க."

நல்ல உச்சி வெயில். கழுத்து வரை ஜிப்பை அவளே இழுத்துவிட்டாள். செத்த நேரத்தில் நான் இட்டிலியாக வெந்தேன். ஆனாலும் விடுவேனா? பல்லைக் கடகடவென்று ஆட்டினேன்.

"குளுருதே பேச்சாயி! இந்தச் சட்டையெல்லாம் எனக்குக் கேக்காது."

"அப்ப ஏன் இப்பிடி வேர்க்குது?"

"இது... குளுந்த வேர்வை."

சொன்னதுதான் தப்பு.

"ஆத்தாடி! நடுக்கம், குளுந்த வேர்வை! நெஞ்சுவலிக்குல்ல இப்பிடி வரும்! சௌகத் அண்ணே, வண்டிய எடுங்க!"

பக்கத்து வீட்டுச் சௌகத் அலிக்கு லோடு வண்டி இருக்கிறது. சாணார்பட்டி ஊரே எங்கள் வாசலில் கூடிவிட்டது. நல்லாத்தான் இருக்கேன் என்றால் பொய்க்காரன். வாயை மூடினால் நோயாளி. நோயாளியாகவே கிடந்தேன். எதிர்வீட்டு மாயம்மாள் எனக்காக மஞ்சத்துணியில் காணிக்கை முடிந்து அழுதாள். அந்த அம்மா முகத்தை இன்னும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வண்டி திண்டுக்கல் ரோட்டில் பறந்தது. சிறுமலைப் பிரிவில் சட்டென்று திரும்பியது.

"ஏத்தா, ஆஸ்பத்திரி நேராவுல்ல இருக்கு?"

"நோயாளி பேசக்கூடாது. படுங்க."

சௌகத் அலி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். சிரிக்காமல் இருக்க மீசையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வளைவுகள் ஏற ஏறக் குளிர் இறங்கியது. ஜெர்கினுக்குள் மட்டும் கோழி அடைகாத்த கதகதப்பு. என்னை மறந்து குறட்டை விட்டிருக்கிறேன். பொன்னழகு வீட்டு வாசலில் பேச்சாயி தட்டி எழுப்பினாள்.

"இப்பவும் குளுருதா?"

இல்லை என்றால் தோட்டத்துக்கு விரட்டுவாள். "வெடவெடங்குது. சட்டை ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"கேக்கலைன்னா எதுக்கு வீணா? கழட்டுங்க, தம்பி போட்டுக்கிரட்டும்."

"அப்ப நானு?"

"நாலு தார் சொமந்தாத் தன்னால சூடேறிரும்."

பொன்னழகு வாங்கி மாட்டினான். தோளில், கையில், இடுப்பில் எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை.

"என்னடி, இவனுக்குன்னே தச்ச மாதிரி இருக்கு?" என்றேன், பல் நிஜமாகவே ஆட.

"பின்ன? கடையில அவன் அளவுதான சொன்னேன்" என்றாள்.